வடசென்னையில் ஒரு கொலைக் கதை: மிரட்டலை நம்பும்படி எழுதுவது எப்படி?

வடசென்னையை வைத்து முதல் துப்பறியும் நாவல் எழுத உட்கார்ந்திருப்பவர்களுக்காக இது. யார் கொன்றது, துப்பு எங்கே கிடைக்கிறது என்பதையெல்லாம் எப்படியோ யோசித்துவிடலாம். ஒரு நல்ல ஆள் தெரிந்தே ஒரு தப்புக்குத் துணை போகிற அத்தியாயம்தான் இழுத்தடிக்கும். "மிரட்டினார்கள், அதனால் செய்தாள்" என்று ஒரு வரியில் முடித்தால் படிப்பவர் நம்ப மாட்டார். என் கையெழுத்துப் பிரதியைப் படித்த அத்தனை பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "இந்தம்மா ஏன் போலீசுக்குப் போகல?" அதற்குப் பதில் தேடிச் சட்டப் புத்தகம், கோர்ட் வராண்டா, காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம், தண்டல் (தினமும் வசூலிக்கிற வட்டிக் கடன்) கணக்கு என்று அலைந்ததில் தேறியதை வரிசையாகச் சொல்கிறேன். நீங்களும் அத்தனை அலைய வேண்டாம்.

உதாரணத்துக்கு ஒரு கற்பனைக் கதையைக் கடைசிவரை வைத்துக்கொள்வோம். காசிமேட்டில் ஒரு ஐஸ் கம்பெனி. அங்கே கணக்கு எழுதுகிறவர் செல்வி. ஜூன் 14 இரவு ஒரு கொலை நடக்கிறது. கொன்றவன் ஒரு விசைப்படகு முதலாளியின் மகன். அன்று இரவு 11.30-க்கு அவன் ஐஸ் ஏற்றிக்கொண்டு போனதாகச் செல்வியின் நோட்டில் இருக்கிறது. அதை 1.40 என்று மாற்றிவிட்டால் கொலை நடந்த நேரத்தில் அவன் ஐஸ் கம்பெனியில் இருந்ததாக ஆகிவிடும். மாற்றச் சொல்லி வருகிறவன் தண்டல் பாபு.

1. முதலில் மிரட்டுபவன் கையில் ஒரு காகிதம் கொடுங்கள்

கத்தியைக் காட்டி மிரட்டுவது எழுத எளிது. ஆனால் கத்தி அந்த நிமிடத்துக்குத்தான் வேலை செய்யும். ஆள் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்று, தூங்கி எழுந்து, மறுநாள் காலையிலும் பயப்பட வேண்டுமென்றால் காகிதம் வேண்டும்.

இந்தப் பக்கத்தில் அதற்குப் பஞ்சமே இல்லை. தினத் தண்டலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐம்பதாயிரம் கடன் என்றால் கையில் வருவது நாற்பத்தைந்தாயிரம். தினம் ஐந்நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். செல்வியின் தம்பி ஆட்டோ வாங்க இப்படி எடுத்தான் என்று வையுங்கள். மாதம் பதினைந்தாயிரம் தண்டலுக்கே போகிறது. செல்வியின் சம்பளம் பதினாலாயிரம். இரண்டு வாரம் வண்டி பழுதாகி நின்றால் போதும், மீட்டர் வட்டி ஓட ஆரம்பித்துவிடும். தொகையைக் கோடியில் வைக்காதீர்கள். கோடி ரூபாய் கடன்காரனுக்கு வக்கீல் இருப்பார். ஐம்பதாயிரம் கடன்காரனுக்கு அக்காதான் இருப்பாள்.

கடனுக்கு ஈடாகப் பாபு என்ன வாங்கி வைத்திருக்கிறான்? கையெழுத்து மட்டும் போட்ட புரோநோட்டு, இரண்டு வெற்று செக், ஆட்டோவின் ஆர்.சி., சில இடங்களில் ரகசிய எண்ணோடு சேர்த்து ஏ.டி.எம். கார்டு. இதில் ஒவ்வொன்றும் என்ன செய்யும், என்ன செய்யாது என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

வெற்று செக்தான் எல்லோரும் சறுக்குகிற இடம். "நாளைக்கே செக்கைப் போட்டு உள்ள தள்ளிடுவேன்" என்று பாபு சொல்லலாம், ஆனால் அது நடக்காது. செக் திரும்பினால், வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த பின் பணம் கட்ட 15 நாள் அவகாசம். அதற்கும் கட்டாவிட்டால்தான் ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார். மாற்று முறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவு இது. ஜாமீனில் விடக்கூடிய குற்றம். போலீஸ் வீட்டுக்கு வந்து இழுத்துப் போகிற வேலையே இல்லை. கதைக்கு இது நஷ்டம் இல்லை, லாபம். செல்விக்கு இது தெரியாது, பாபுவுக்குத் தெரியும். அவள் எந்தப் பக்கத்தில் தெரிந்துகொள்கிறாள் என்பது நாவலின் பெரிய திருப்பம். அதற்கு மூன்றாம் படியில் வருகிறேன்.

ஸ்டாம்ப் பேப்பரை வைத்தும் விளையாடலாம். விற்கிற ஸ்டாம்ப் வெண்டர் பின்பக்கத்தில் வரிசை எண், தேதி, வாங்கியவர் பெயர் எழுதுவார். தன் பதிவேட்டிலும் எழுதிக்கொள்வார். மார்ச் மாதத்துக் கடன் என்று காட்டுகிற பத்திரம் ஜூன் மாதம் வாங்கிய தாளில் இருந்தால் துப்பறிபவருக்கு அது போதும். ரத்தக் கறை தேடி அலைய வேண்டாம்.

வீட்டையும் பிடியாக வைக்கலாம். வாரியக் குடியிருப்பில் ஒருவர் பெயரில் ஒதுக்கீட்டு ஆணை, குடியிருப்பது வேறு ஒருவர் என்பது இங்கே சகஜம். ஒதுக்கீடு வாங்கியவர் இஷ்டத்துக்கு விற்க முடியாது. ஆனாலும் வெள்ளைத்தாளில் எழுதிக் கைமாறிக்கொண்டேதான் இருக்கிறது. அப்படி வாங்கிக் குடியிருக்கும் குடும்பத்தை வாய் திறக்காமல் வைக்க ஒரு மொட்டைக் கடிதம் போதும்.

2. கேட்பது சின்னதாக இருக்கட்டும்

புதிதாக எழுதுகிறவர்கள் மிரட்டுபவனை உடனே "போய்க் கொலை செய்" என்று சொல்ல வைக்கிறார்கள். அப்படிக் கேட்டால் யாராக இருந்தாலும் மறுத்துவிடுவார்கள், அல்லது ஊரைவிட்டே ஓடிவிடுவார்கள். ஒரு வரியை மாற்று, கேட்டைப் பூட்டாமல் விடு, யார்டுக்குப் போகிற கண்டெய்னர் லாரியை வழியில் பத்து நிமிடம் நிறுத்து என்று கேட்க வேண்டும். "இதுல என்ன இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற அளவு.

செல்விக்கு 11.30-ஐ 1.40 ஆக்குவது பேனா வேலை. அன்று இரவு கொலை நடந்திருக்கிறது என்பதே அவளுக்கு அப்போது தெரியாமல் இருக்கலாம். ஏதோ டீசல் கணக்கு, மீன்வளத் துறைக்குக் காட்ட வேண்டிய கணக்கு என்று நினைத்திருப்பாள். அவளுக்கு எவ்வளவு தெரியும் என்பதை நீங்கள் முதலிலேயே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாதி வழியில் மாற்றினால் மொத்தக் கதையும் அவிழ்ந்துவிடும்.

3. மூன்றாவது ஆளைக் கொண்டுவாருங்கள்

மிரட்டுகிறவன், மிரட்டப்படுகிறவர் என்று இரண்டே பேர் இருந்தால் அது வசூல் கதை. சரியா தப்பா என்கிற மனப்போராட்டம் வேண்டுமென்றால், செய்த காரியத்துக்கு விலை கொடுக்கிற மூன்றாவது ஆள் வேண்டும்.

நம் கதையில் அது ஏழுமலை. ஐஸ் ஏற்றுகிற தொழிலாளி. பழைய அடிதடி வழக்கு ஒன்று உண்டு, ஸ்டேஷனில் அவன் பெயர் இருக்கிறது. படகுக்காரன் மகன் கணக்கில் தப்பித்துவிட்டதால் சந்தேகம் இவன் மேல் திரும்புகிறது, ரிமாண்ட் ஆகிறான். அவன் மனைவி தனம், செல்வி தினமும் போகிற வழியில் கூடை போட்டு மீன் விற்கிறாள். "செல்விக்கா, நீதான் அன்னிக்கு நைட்டு இருந்தியே, அவரப் பாத்தியா?" என்று கேட்கிறாள். குற்றம் சாட்டிக் கேட்கவில்லை, உதவியாகக் கேட்கிறாள். அதற்குச் செல்வி என்ன பதில் சொன்னாலும் நாவல் நகரும்.

இதற்குப் பிறகுதான் அந்தத் திருப்பம். ஒரு வக்கீல் குமாஸ்தா போகிறபோக்கில் சொல்கிறார்: "செக் கேசுக்கெல்லாம் யாரும்மா உடனே ஜெயிலுக்குப் போறா?" பாபு சொன்னது பொய் என்று செல்விக்குத் தெரிகிறது. விடுதலை என்று நினைப்பாள். ஆனால் பாபுவுக்கு இனி அந்த செக் தேவையே இல்லை. 1.40 என்று எழுதியிருப்பது செல்வியின் கையெழுத்து. முதல் பிடி தம்பியின் கடன். இரண்டாவது பிடி அவள் செய்த காரியம். முதலாவதைப் பணம் கட்டித் தீர்க்கலாம். இரண்டாவதைத் தீர்க்க ஒரே வழி உண்மையைச் சொல்வது, சொன்னால் மாட்டுவது அவள்.

இந்தக் கைமாற்றத்தை நாவலின் நடுவில் வையுங்கள். மிரட்டல் ஒரே பிடியில் கடைசிவரை ஓடினால் நூறு பக்கத்தில் அலுத்துவிடும். இரண்டாவது பிடி வந்ததும் பாபு மிரட்ட வேண்டியதே இல்லை. செல்வியே தன்னை மிரட்டிக்கொள்வாள். வில்லன் இல்லாத அத்தியாயங்கள் எழுதவும் அப்போதுதான் இடம் கிடைக்கும்.

4. சட்டம் அவளைக் காப்பாற்றுமா என்று பார்த்துவிடுங்கள்

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா, குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. கதை நடக்கும் தேதி அதற்கு முந்தியதா பிந்தியதா என்று முதலில் முடிவு செய்யுங்கள். கொலை அப்போது 302, இப்போது 103. மிரட்டல் அப்போது 506, இப்போது 351. புதுச் சட்டத்தின் காலத்தில் நடக்கிற கதையில் இன்ஸ்பெக்டர் "த்ரீ நாட் டூ" என்று பழக்கத்தில் பேசலாம், எஃப்.ஐ.ஆரில் அப்படி எழுதக் கூடாது.

பணமோ சொத்தோ கேட்டு மிரட்டிப் பறித்தால் 308. ஒரு காரியத்தைச் செய்ய வைக்க மிரட்டினால் 351. பொய்ச் சாட்சி சொல்லச் சொல்லி மிரட்டினால் அதற்கென்றே 232 இருக்கிறது. பாபு செய்தது இரண்டாவது. பின்னால் கோர்ட்டில் பொய் சொல்லச் சொன்னால் மூன்றாவது.

நீங்கள் உட்கார்ந்து படிக்க வேண்டிய பிரிவு 32. பழைய சட்டத்தில் 94. மிரட்டலுக்குப் பயந்து செய்த காரியம் குற்றமாகாது என்று சொல்கிற பிரிவு அது. ஆனால் வாசல் ரொம்பக் குறுகல். செய்யாவிட்டால் அந்த இடத்திலேயே, அப்போதே தனக்குச் சாவு என்று நியாயமாகப் பயந்திருக்க வேண்டும். தம்பிக்கு ஆபத்து என்றால் செல்லாது. நாளைக்கு ஏதாவது செய்வான் என்றால் செல்லாது. வீடு போய்விடும், மானம் போய்விடும் என்றாலும் செல்லாது. கொலைக்கு இந்தச் சலுகை கிடையவே கிடையாது. தானாகப் போய் அந்த நிலைமையில் மாட்டிக்கொண்டவருக்கும் கிடையாது.

செல்விக்கு "எனக்கு வேற வழியே இல்ல" என்பது உண்மை. சட்டத்துக்கு அவளுக்கு வழி இருந்தது. உங்கள் நாவலின் மனப்போராட்டம் முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. இதைப் படிக்கிறவரைக்கும் செல்வியைப் பாவப்பட்டவளாக மட்டுமே எழுதத் தோன்றும். படித்த பிறகு அவள் பக்கத்து ஆளாகவும் எதிர்த்தரப்பு வக்கீலாகவும் மாறி மாறி எழுத வரும்.

5. "போலீசுக்குப் போகலாமே?"

இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் ஒரு மிரட்டல் கதையும் நிற்காது. "போலீசே அவன் ஆளு" என்று எழுதிவிடுவது சோம்பேறித்தனம், எல்லாப் படத்திலும் பார்த்தாயிற்று. செல்வி போகட்டும். போய் என்ன நடக்கிறது என்று காட்டுங்கள்.

ஸ்டேஷனில் புகார் கொடுத்தால் பெரும்பாலும் முதலில் கிடைப்பது சி.எஸ்.ஆர்., அதாவது மனு ரசீது. அது எஃப்.ஐ.ஆர். இல்லை. பலர் இரண்டையும் ஒன்றாக எழுதிவிடுகிறார்கள். எஃப்.ஐ.ஆர். போட்டால் நகல் இலவசமாகத் தர வேண்டும். மூன்று வருடமோ அதற்கு மேலோ, ஆனால் ஏழு வருடத்துக்குக் குறைவாகத் தண்டனை உள்ள குற்றமென்றால், மேலதிகாரி அனுமதியோடு 14 நாளுக்குள் முதல்கட்ட விசாரணை செய்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று புதுச் சட்டம் சொல்கிறது. கந்துவட்டிக்கு எதிராக 2003-லிருந்தே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் உண்டு. தண்டலும் மீட்டர் வட்டியும் அதில் வரும்.

சாட்சிகளைக் காப்பாற்ற 2018-ஆம் ஆண்டுத் திட்டம் ஒன்று இருக்கிறது. உச்ச நீதிமன்றம் அதே வருடம் டிசம்பரில் ஏற்றுக்கொண்டது. மனு கொடுத்தால், உதவி ஆணையர் ஆபத்தின் அளவை விசாரித்து ஐந்து வேலை நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். இடையில் சனி ஞாயிறு வந்தால் ஒரு வாரம். அந்த ஒரு வாரம் தம்பி ஆட்டோ ஓட்டாமல் இருக்க முடியாது, தண்டலும் நிற்காது. வாசகருக்கு வேண்டிய பதில் இதுதான்: கதவு திறந்துதான் இருக்கிறது, அதைத் தாண்டுகிற ஒரு வாரத்தைச் செல்வியால் தாக்குப்பிடிக்க முடியவில்லை.

ஸ்டேஷனைப் பற்றி இன்னும் சில. சென்னை ஸ்டேஷன்களுக்கு மேலே டி.எஸ்.பி. கிடையாது, ஏ.சி.தான் (உதவி ஆணையர்). கொலை வழக்கைப் பார்ப்பவர் சட்டம்-ஒழுங்கு இன்ஸ்பெக்டர். குற்றப்பிரிவு இன்ஸ்பெக்டர் வேறு. போலீசிடம் சாட்சி சொல்லும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது, அதனால் "இதுல ஒரு கையெழுத்துப் போடும்மா" காட்சியை எடுத்துவிடுங்கள். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலமும் கோர்ட்டில் செல்லாது. அதைக் கொண்டு ஒரு பொருளைக் கண்டெடுத்தால் அந்தக் கண்டெடுப்புக்கு உதவிய பகுதி மட்டும் செல்லும். எல்லைத் தகராறும் கவனம்: 2022-லிருந்து எண்ணூரும் மணலியும் ஆவடி ஆணையரகத்தில், காசிமேடு சென்னையில். பிணம் எங்கே ஒதுங்குகிறதோ அதைப் பொறுத்து உங்கள் துப்பறிபவர் மாறிவிடுவார்.

6. காலண்டரை எடுத்துவைத்துக்கொண்டு எழுதுங்கள்

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகக் கூடாது. மீன்பிடித் தடைக்காலம். வருமானம் இல்லாத இரண்டு மாதம் முடிகிற அன்றைக்குத்தான் துறைமுகத்தைச் சுற்றிக் கடன் உச்சத்தில் இருக்கும். கொலையை ஜூன் 14 இரவில் வைத்ததற்கு அதுதான் காரணம். இன்னொரு வசதியும் உண்டு. அன்று நள்ளிரவுக்கு மேல் படகுகள் கிளம்பிவிடும், பத்துப் பதினைந்து நாள் கடலில் தங்கும் படகுகளும் உண்டு. கொன்றவன் ஓடி ஒளியவே வேண்டாம், தொழிலுக்குப் போயிருக்கிறான். நடுக்கடலில் செல்போன் எடுக்காததும் இயல்பு.

இனி கணக்கு. உடல் விடியற்காலை கிடைக்கிறது. ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போகிறது. கொலை என்று சந்தேகம் உள்ள உடலுக்கு, சட்டம்-ஒழுங்குச் சிக்கல் இருந்தாலொழிய, இரவில் பிரேதப் பரிசோதனை கூடாது என்பது 2021-இல் மத்திய அரசு கொடுத்த வழிகாட்டுதல். ஆகவே நள்ளிரவு மார்ச்சுவரிக் காட்சி வேண்டாம். எஃப்.ஐ.ஆர். தாமதமில்லாமல் மாஜிஸ்திரேட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். எத்தனை மணிக்குச் சேர்ந்தது என்பது அதிலேயே குறிக்கப்படும். அங்கே விழுகிற ஒவ்வொரு மணி நேரமும் பின்னால் எதிர்த்தரப்பு வக்கீலுக்குத் தீனி.

ஏழுமலையைப் பிடித்த 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். ஜூன் 16 ரிமாண்ட் என்றால், கொலை வழக்குக்கு 90 நாள். செப்டம்பர் 14 வாக்கில் குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லையென்றால் அவனுக்கு ஜாமீன் உரிமை வந்துவிடும். உங்கள் நாவலுக்கு இயற்கையாகவே ஒரு கெடு கிடைத்துவிட்டது. அதற்குள் முடிக்க இன்ஸ்பெக்டருக்கு அவசரம். ஏழுமலைதான் செய்தானா என்கிற சந்தேகம் அவருக்கே இருக்கலாம், கெடு நெருங்க நெருங்க அதைத் தள்ளி வைப்பார். அவரும் ஒரு விதத்தில் மிரட்டப்படுகிறவர்தான், காகிதம் மட்டும் வேறு.

7. மிரட்டல் வசனத்தில் மிரட்டல் இருக்கக் கூடாது

பாபு வருகிற காட்சியை நான் இப்படி வைத்துப் பார்த்தேன்.

ஐஸ் உடைக்கிற மெஷின் நின்றதும் அறையில் சத்தமே இல்லை. பாபு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். கையில் தண்டல் அட்டைகளை ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தான். செல்வியின் தம்பி அட்டையை உருவி மேலே வைத்தான்.

"தம்பி வண்டி நல்லா ஓடுதாக்கா?"

"ஓடுது."

"நைட்டு சவாரி வாணாம்னு சொல்லு. எக்ஸ்பிரஸ் ரோட்டுல கண்டெய்னர்காரன் கண்ணு தெரியாம ஓட்றான்." விட்டுப்போன பன்னிரண்டு கட்டங்களிலும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டான். பணம் வாங்கவில்லை. "ஒண்ணும் இல்ல. நேத்து நோட்டுல ஒரு டைம் மட்டும் மாத்தணும். அதே பேனால எழுதுக்கா."

மிரட்டல் என்று சட்டையைப் பிடித்துக் காட்ட ஒரு சொல்லும் இதில் இல்லை. கோர்ட்டில் இதைச் சொன்னால் அக்கறையாகப் பேசினேன் என்பான். செல்விக்கு மட்டும் புரியும். கட்டாத பன்னிரண்டு நாளுக்கும் கையெழுத்து விழுந்துவிட்டதால் அவள் பணம் வாங்கிய மாதிரியும் ஆகிவிட்டது. கூலியா, மிரட்டலா என்று அவளாலேயே பிரிக்க முடியாது. ஜிபேயில் போட்டால் தடம் இருக்கும். அட்டையில் ஒரு கட்டம் யார் கண்ணுக்கும் தெரியாது.

பேச்சுமொழியில் ஒரு எச்சரிக்கை. "கஸ்மாலம்", "நாஸ்தா" என்று பழைய படத்துச் சொற்களைத் தூவினால் வடசென்னை ஆகாது. "வாணாம்", "இன்னா", "அப்பால" அங்கங்கே வந்தால் போதும். யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதில்தான் கவனம் வேண்டும். பாபு செல்வியை "அக்கா" என்றுதான் கூப்பிடுவான், கடைசிவரை. ஒரே ஒரு இடத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட வையுங்கள், படிப்பவருக்குத் தூக்கிவாரிப் போடும்.

8. சண்டை போடுகிற இருவருக்கும் நியாயம் கொடுங்கள்

செல்விக்கும் பாபுவுக்கும் நடுவில் நடப்பது சரியா தப்பா என்கிற போராட்டம் இல்லை. அது செல்விக்கும் தம்பிக்கும் நடுவில் நடக்க வேண்டும். அவள் உண்மையைச் சொல்லலாம் என்கிறாள். "சொன்னா நீ உள்ள போவ, வண்டிய அவன் எடுத்துப்பான், அம்மாவ யார் பாக்கறது? ஏழுமலை மேல ஏற்கெனவே கேஸ் இருக்கு, இன்னொண்ணு ஆயிட்டா இன்னா?" என்கிறான் தம்பி. கேட்கவே கூசுகிற பேச்சு. ஆனால் அவன் சொன்ன ஒவ்வொன்றும் நடக்கக்கூடியது. அவனை வில்லனாக்கிவிடாதீர்கள்.

பாபுவுக்கும் ஒரு முதலாளி வேண்டும். தண்டலில் சுற்றுகிற பணம் பெரும்பாலும் சொந்தப் பணமாக இருக்காது. படகுக்காரர் முதல் போட்டிருக்கிறார் என்றால், பாபு செல்வியிடம் வந்து நிற்பதும் கட்டாயத்தில்தான். ஒரு அத்தியாயம் போதும், ரொம்ப அழ வைக்க வேண்டாம்.

9. முடிவை எந்தக் காகிதத்தில் எழுதப் போகிறீர்கள்?

செல்வி உண்மை சொல்ல முடிவெடுத்தால் மூன்று வழிகள். சாட்சியாக மாஜிஸ்திரேட் முன் வாக்குமூலம் கொடுக்கலாம், நடைமுறைச் சட்டத்தில் முன்பு 164, இப்போது 183. கணக்கைத் திருத்தியதற்காகக் குற்றவாளியாகவே சேர்க்கப்பட்டால் ஒப்புதல் வாக்குமூலம். நீ சொல்லியாக வேண்டிய கட்டாயம் இல்லை, சொன்னால் உனக்கு எதிராகவே பயன்படலாம் என்று மாஜிஸ்திரேட் எச்சரித்த பிறகுதான் பதிவு செய்வார். அந்த எச்சரிக்கையைக் காட்சியாக எழுதுங்கள், நாவலிலேயே அவளிடம் ஒருவர் "வேண்டாமென்றால் வேண்டாம்" என்று சொல்கிற ஒரே இடம் அது.

மூன்றாவது அப்ரூவர், அதாவது குற்றத்தில் பங்குள்ளவரே அரசுத் தரப்புச் சாட்சி ஆவது. முழு உண்மையையும் சொல்கிறேன் என்ற நிபந்தனையில் மன்னிப்பு. ஆனால் ஏற்கெனவே ஜாமீனில் இல்லையென்றால் விசாரணை முடிகிற வரை அப்ரூவர் காவலிலேயே இருக்க வேண்டும். மன்னிப்பு கிடைத்தும் சிறைக்குள் இருக்கிறவள் என்பது ஒரு முடிவு. இல்லை, விசாரணையில் பயந்து மாற்றிச் சொல்லிப் பிறழ் சாட்சி ஆகிறாள் என்பது இன்னொன்று. எனக்குப் பிடித்தது முதலாவது. உங்கள் கதை, உங்கள் இஷ்டம்.

10. களவேலை, செலவு

சட்டங்கள் இந்தியா கோட் தளத்தில் இலவசம். வழக்கு நிலவரமும் தீர்ப்புகளும் இ-கோர்ட்ஸ் தளத்தில் இலவசம். 2016-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து, பாலியல் குற்றம் போன்றவை தவிர மற்ற எஃப்.ஐ.ஆர்.கள் இணையத்தில் ஏற்றப்பட வேண்டும். தமிழ்நாடு காவல்துறைத் தளத்தில் பாருங்கள். ஒன்றிரண்டை வாசித்தாலே ஸ்டேஷன் எழுத்தரின் நடை கைக்கு வந்துவிடும். செஷன்ஸ் கோர்ட் விசாரணையைப் பொதுவாக யாரும் போய் உட்கார்ந்து கேட்கலாம். போனை அணைத்துவிட்டுப் பின் பெஞ்சில் இருங்கள். ஒரு குறுக்கு விசாரணையைக் கேட்டால் மிரட்டல் பற்றி இருபது புத்தகம் சொல்லாதது தெரியும்.

காசிமேட்டு ஏலம் விடிவதற்கு முன்பே சூடுபிடித்துவிடும். முதல் மெட்ரோ காலை 5 மணிக்கு மேல்தான், அதனால் ஆட்டோச் செலவை ஒதுக்கி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அதிகம், பேச்சுக் கொடுக்க முடியாது. வார நாளில் போங்கள். கூடை தூக்குகிறவர்கள் வழியில் நிற்காதீர்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள். பழைய செருப்பு போட்டுக்கொள்வது நல்லது.

சரி, ஒரு புலம்பல். வடசென்னை என்றாலே ரவுடி என்று எழுதுவதை நிறுத்துங்கள். கேரம் போர்டு, குத்துச்சண்டை, வியாசர்பாடிப் பக்கத்து ஃபுட்பால், துறைமுக வேலை, டியூஷன் சென்டர் என்று ஊர் அதன்பாட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. நம் கதையில் கத்தி எடுக்கிறவன் ஒருவன்தான், மிச்சப் பேர் கணக்கு எழுதுகிறவர்களும் ஐஸ் ஏற்றுகிறவர்களும்.

எழுதி முடித்ததும் இரண்டு பேரிடம் கொடுங்கள்: கிரிமினல் வழக்கு நடத்துகிற ஒரு வக்கீல், அதே பகுதியில் வளர்ந்த ஒருவர். வக்கீல் ஃபீஸ் கேட்டால் கொடுத்துவிடுங்கள், சட்ட அத்தியாயங்களை மட்டும் காட்டினால் குறையும். எஃப்.ஐ.ஆரில் படித்த பெயர், விலாசம், வண்டி எண் எதுவும் கதைக்குள் நுழைந்துவிடவில்லையா என்று தேடிப் பாருங்கள். அப்புறம் கதை நடக்கிற வருடத்துக் காலண்டரைப் பிரித்து, ஜூன் 14 என்ன கிழமை, அதற்கடுத்த சனி ஞாயிறு எப்போது, கோர்ட் விடுமுறை எது என்று ஒவ்வொரு தேதியையும் ஒருமுறை டிக் அடித்துவிடுங்கள்.